வெளியில் இருக்கும் மின்சாரம்: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரை டவுனில் இருக்கும் பிள்ளைகள் பலரும் உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் பக்கம் அம்மாச்சி வீட்டுக்கோ அப்பத்தா வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். பம்புசெட் குளியல், மாந்தோப்பு, கண்மாய்க்கரை, மொட்டை மாடி என்று நாள் முழுக்க வெளியில்தான் இருப்பார்கள். இருக்கவும் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் பிளக் பாயின்ட்டை மூடி வைக்கிற நாம், வெளியில் இருக்கும் மின்சாரத்தைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்வது ஒரே வரிதான்: “கரண்ட் கம்பியைத் தொடாதே.”

அந்த ஒரு வரி போதாது. எந்தப் பிள்ளையும் கம்பியைத் தொட வேண்டும் என்று போய்த் தொடுவதில்லை. மாங்காய் பறிக்கத் தொரட்டியைத் தூக்குகிறது. கொடியில் காயும் துண்டை எட்டி இழுக்கிறது. மழைநேரத்தில் போஸ்ட்டைச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியைப் பிடித்துச் சுற்றி விளையாடுகிறது. தான் தொடுவது மின்சாரத்தை என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே எங்கெல்லாம் கரண்ட் வந்து சேரும் என்று பிள்ளையின் கண்ணைப் பழக்குவதுதான் முக்கியம். அதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

முதல் படி: பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை

துணி காயப்போடும் கொடியில் இருந்து தொடங்குங்கள். நம் ஊர்களில் கொடி என்றால் பல வீடுகளில் இரும்புக் கம்பிதான். அதன் ஒரு முனை ஜன்னல் கம்பியிலும் இன்னொரு முனை தகரக் கொட்டகையின் காலிலோ, சர்வீஸ் வயர் வரும் இரும்புக் குழாயிலோ கட்டியிருக்கும். வயரின் உறை வெயிலில் வெடித்து, உள்ளே இருக்கும் கம்பி அந்தக் குழாயில் பட்டுவிட்டால், கொடி முழுவதும் கரண்ட் வந்துவிடும். ஈரத்துணியோடு அதைத் தொடுபவர் தப்புவது கஷ்டம். கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் குழாயிலும் போஸ்ட்டிலும் எதையும் கட்டக்கூடாது; கொடி மட்டுமல்ல, ஆடு மாடு, பந்தல் கயிறு, கட்சிக்கொடி எதுவும்தான்.

அடுத்தது மெயின் பாக்ஸ். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். பியூஸ் கட்டையும் எம்சிபியும் வயர் சூடாகி எரியாமல் காப்பவை. மனித உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் அவற்றுக்குத் தெரியாது. ஆர்சிசிபிதான் அந்தக் கசிவைக் கண்டு, கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் சட்டென்று கீழே விழுந்து லைன் அணைய வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். வாசல் விளக்கு, மாடியில் இருக்கும் தண்ணீர் மோட்டார், வெளியில் வைத்த ஏர்கூலர் எல்லாம் இதன் வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எர்த் கம்பி அறுந்து கிடக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மோட்டாருக்கு எர்த் இல்லாமல் பிள்ளைக்கு அறிவுரை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: காரணத்தைச் சொல்லுங்கள்

“ஏன்” என்று தெரிந்த பிள்ளைதான் நாம் பக்கத்தில் இல்லாதபோதும் ஒதுங்கிப் போகும். பெரிய பாடம் எதுவும் வேண்டாம். கரண்ட் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக வழி தேடும். மண்ணுக்கு இறங்க வழி கிடைத்தால் அதில் இறங்கும். நம் உடம்பு அதற்கு ஒரு வழி. இவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அப்போ காக்கா மட்டும் எப்படி உக்காருது?” நல்ல கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். காக்காவின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. மண்ணையோ இன்னொரு கம்பியையோ அது தொடவில்லை. அதனால் கரண்ட் அதன் உடம்பு வழியாக வேறெங்கும் போக வழியில்லை. ஆனால் இறக்கை விரித்த பழந்தின்னி வௌவால் இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டுக் கருகித் தொங்குவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். மயிலும் இப்படித்தான் செத்து விழுகிறது. அழகர்மலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு மயிலைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். நாம் நிற்பது தரையில். ஒரு கம்பியைத் தொட்டாலே நமக்கு வழி திறந்துவிடும்.

பத்து வயது தாண்டிய பிள்ளைக்குக் கணக்கும் சொல்லலாம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 9 வாட் எல்இடி பல்பு எரிய சுமார் 40 மில்லி ஆம்பியர் வேண்டும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் இதயத்தின் துடிப்பே குலையக்கூடும். அந்தச் சின்ன பல்பு எரியும் கரண்ட் ஒரு உயிரை எடுக்கப் போதும். தோல் நனைந்திருந்தால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடையைப் பார்த்ததும் ஈரக்கையின் ஆபத்து பிள்ளைக்கே விளங்கும்.

தெருவில் மேலே போகும் கம்பிகளுக்கு பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை கிடையாது என்பதையும் சொல்லுங்கள். வீட்டு வயரைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதற்கும் உறை இருப்பதாக நினைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனில் 11,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், மிக நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். ரப்பர் செருப்பு, காய்ந்த குச்சி எதுவும் அதன் முன்னால் நிற்காது.

மூன்றாம் படி: பிள்ளை போகும் வழியில் கூட நடங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பிள்ளை பள்ளிக்கோ, டியூஷனுக்கோ, விளையாடவோ தினமும் போகும் அதே வழியில், அவசரம் இல்லாத ஒரு மாலையில் நடங்கள். நீங்கள் காட்ட வேண்டாம், பிள்ளை காட்டட்டும். “கரண்ட் எங்கெல்லாம் இருக்குன்னு சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுவிட்டுப் பின்னால் போங்கள். எதை அது கவனிக்காமல் தாண்டிப் போகிறதோ, அதுதான் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம்.

கம்பத்தைச் சொல்லும். அதைச் சாய்வாக இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியைச் சொல்லாது. அது சும்மா தாங்கி நிற்கும் கம்பிதான், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் வைத்திருப்பார்கள். மேலே இருந்து கரண்ட் கசிந்தாலும் கீழே இறங்காமல் இருக்கத்தான் அந்தப் பீங்கான். அது உடைந்திருந்தாலோ, கம்பி தொய்ந்து லைனை உரசினாலோ காப்பு போய்விடும். ஊஞ்சல் மாதிரி அதில் தொங்குவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கண்டிப்பாகக் கூடாது.

தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் மூடி திறந்த பெட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயர் இருந்தால் நின்று காட்டுங்கள். மாசி வீதிகள் போன்ற நெரிசலான தெருக்களில் நடைபாதை ஓரம் நிற்கும், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸையும் காட்டுங்கள். கதவு திறந்திருந்தால் மூடப் போகவே கூடாது. மழைத் தண்ணீர் கம்பத்தைச் சுற்றித் தேங்கியிருந்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் பந்து விழுந்தால் அந்தப் பந்து போனது போனதுதான். இதைச் சொல்லும்போதே இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பந்து போச்சுன்னா என்கிட்ட வா, புதுசு வாங்கித் தர்றேன், திட்ட மாட்டேன்.” திட்டுக்குப் பயந்துதான் பிள்ளை வேலி ஏறுகிறது.

அப்புறம் மரங்கள். தென்னை மட்டையோ முருங்கைக் கிளையோ லைனில் உரசிக்கொண்டிருந்தால் அந்த மரத்தில் ஏறக் கூடாது, தொடவும் கூடாது. பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது, கரண்ட் இறங்கும்.

ரயில் பாதைக்கு அருகில் வீடு இருந்தால் அதையும் இந்த நடையில் சேருங்கள். சோழவந்தான், திருமங்கலம் வழியாகப் போகும் பாதையின் மேலே ஓடுவது 25,000 வோல்ட். நிற்கும் கூட்ஸ் வண்டியின் மேல் செல்பி எடுக்க ஏறுவது எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்கள். இதை அவர்களிடம் மழுப்பாமல் நேராகச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: விளையாட்டும் பறிப்பும்

நீளமான எதையும் தூக்குவதற்கு முன் மேலே பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விளையாட்டாகவே ஊட்டிவிடலாம். தொரட்டி, அலுமினிய ஏணி, ஒட்டடைக் கம்பு, டிவி ஆன்டெனாக் குழாய் என்று எதைக் கையில் எடுத்தாலும் வீட்டில் யாராவது “மேலே?” என்று கேட்க, பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு “இல்லை” அல்லது “இருக்கு” என்று சொல்லட்டும். கொஞ்ச நாளில் நீங்கள் மறந்தால் பிள்ளை உங்களைக் கேட்கும். கொடுக்காப்புளி, நாவல், மாங்காய் பறிக்க மூங்கில் தொரட்டி என்றாலும் இதே விதிதான். முனையில் இரும்புக் கொக்கி இருக்கிறது, மூங்கிலும் நனைந்தால் கரண்ட் கடத்தும்.

பட்டம் விடுவதென்றால் லைன் எதுவும் கண்ணில் படாத காய்ந்த கண்மாய்த் தரையோ பொட்டலோதான் சரியான இடம். மொட்டை மாடி வேண்டாம். லைன் பக்கத்தில் போகும், கைப்பிடிச் சுவரும் தாழ்வாக இருக்கும். பட்டம் கம்பியில் சிக்கினால் நூலை அங்கேயே விட்டுவிட வேண்டும். உலோகத்தூள் பூசிய மாஞ்சா நூல் கரண்டைக் கடத்தும். நைலான் மாஞ்சாவை 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மாடியைப் பற்றி இன்னொன்று. விதிப்படி வீட்டுச் சுவருக்கும் 11,000 வோல்ட் லைனுக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். புதிதாக மாடி எடுத்த பல வீடுகளில் அது இல்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் லைன் போனால், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மாற்றும் வரை அந்தப் பக்கத்து மாடிக்கதவைப் பூட்டியே வையுங்கள்.

ஐந்தாம் படி: பம்புசெட், கண்மாய், வேலி

பம்புசெட்டில் குளிக்கும் சுகத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டாம். முறையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் பெரியவர் வேலை. குளிக்க இறங்கியவர் மோட்டார் ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று நின்றால் ஈரத்தோடு ஓடிப் போய் ஸ்டார்ட்டரைத் தட்டுவது பையன்களின் வழக்கம். அங்கே இருப்பது மூன்று பேஸ், 400 வோல்ட். வரப்பிலும் வாய்க்காலிலும் ஓடும் மோட்டார் கேபிளில் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அது சரியாகும் வரை அங்கே குளியல் இல்லை. குழாயையோ தொட்டியையோ தொட்டதும் லேசாகச் சுருக்கென்று இருந்தால் உடனே வெளியே வந்து சொல்ல வேண்டும். “சும்மா லேசாத்தான் அடிக்குது” என்று பெரியவர்களே சிரித்துக்கொண்டு குளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அப்படிச் செய்யாதீர்கள்.

மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காக மெயின் லைனில் இருந்தே வேலிக்குக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் நடக்கிறது. ஆகவே தெரியாத தோட்டத்து வேலிக்கம்பியைத் தாண்டுவதோ தூக்கி நுழைவதோ கூடாது, இருட்டிய பிறகு வரப்புக் குறுக்குவழியும் வேண்டாம். கண்மாயில் யாராவது வயர் போட்டு மீன் பிடித்தால் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது. கரையேறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஆறாம் படி: அறுந்து கிடக்கும் கம்பிக்கு ஒத்திகை

ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் கம்பி அறுந்து விழும். இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். ஒரு பழைய தேங்காய்நார்க் கயிற்றை முற்றத்திலோ தெருவிலோ போட்டு, அதுதான் அறுந்த கம்பி என்று சொல்லுங்கள். பிள்ளை எதிரில் நடந்து வரட்டும்.

பார்த்தவுடன் நிற்க வேண்டும். கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது. குறைந்தது பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பிள்ளையின் நடையில் இருபது எட்டுக்கு மேல் வரும். சேர்ந்தே எண்ணிக் காட்டுங்கள். பின்னால் வருபவர்களைக் கத்தி நிறுத்த வேண்டும். பெரியவரிடம் சொல்ல வேண்டும். கம்பியைக் குச்சியால் தள்ளுவது, கல் எறிவது எல்லாம் வேண்டாம்.

ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலும் கரண்ட் பரவியிருக்கும். பக்கத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஓடினால் ஒரு கால் அதிக மின்னழுத்தத்திலும் இன்னொரு கால் குறைந்த மின்னழுத்தத்திலும் விழும், இரண்டுக்கும் நடுவில் உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். அதனால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையில் இருந்து தூக்காமல், தேய்த்துத் தேய்த்துச் சின்னச் சின்னதாக நகர்ந்து வெளியே வர வேண்டும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், அதனால்தான் மனிதன் தப்பிய இடத்திலும் மாடு செத்துக் கிடக்கிறது. கயிற்றைச் சுற்றி இந்தத் தேய்ப்பு நடையைப் பிள்ளையோடு நீங்களும் நடந்து பாருங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

“அறுந்த கம்பியில கரண்ட் இருக்காது” என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. இது தவறு. காய்ந்த மண்ணில் கம்பி விழுந்தால் சப்-ஸ்டேஷனில் லைன் தானாகத் துண்டிக்காமல் போகலாம். துண்டித்தாலும் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். தீப்பொறி பறக்கவில்லை, சத்தம் வரவில்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. லைன்மேன் வந்து சொன்னால்தான் ஆச்சு.

ஏழாம் படி: யாருக்காவது கரண்ட் அடித்தால்

பிள்ளைக்கு இது மிகக் கடினமான பாடம். தம்பியோ நண்பனோ துடிக்கும்போது ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் மனசு சொல்லும். பிடித்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். “நீ தொடாம கத்தி ஆள் கூப்பிட்டாத்தான் அவனைக் காப்பாத்த முடியும்” என்று அமைதியான நேரத்தில் பலமுறை சொல்லிவையுங்கள். மெயினை எங்கே அணைப்பது என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டிவைக்கலாம்.

பெரியவர்களுக்கு: வீட்டு லைன், மோட்டார் லைன் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஆளைத் தள்ளி விடுவியுங்கள். தெரு லைன், 11,000 வோல்ட் என்றால் மின்வாரியம் அணைக்கும் வரை கிட்டே போகக் கூடாது. விடுவித்த பிறகு மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், பிள்ளைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். கரண்ட் உள்ளே செய்த காயம் வெளியே தெரியாது.

எட்டாம் படி: இடியும் மின்னலும்

கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை நேரத்து இடிதான் நம் பக்கம் அதிகம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, விளையாட்டை நிறுத்திக் காங்கிரீட் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகுதான் வெளியே. புளியமரம், பனை, கோயில் திடலில் தனியாக நிற்கும் வேம்பு, தகரப் பந்தல் எதுவும் ஒதுங்கும் இடமில்லை. கதவு மூடிய கார், பஸ் நல்லது. கண்மாயில் இருந்தால் முதல் இடிக்கே கரையேற வேண்டும். எதுவுமே அகப்படாத பொட்டலில் மாட்டிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. போனில் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது அது.

மின்னல் தாக்கியவரின் உடம்பில் கரண்ட் தங்கியிருக்காது. அவரை உடனே தொட்டு முதலுதவி செய்யலாம். ஏழாம் படியில் சொன்னதற்கு இது நேர்மாறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்பதாம் படி: திருவிழா நாட்கள்

2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. ஊர்க்கோயில் சப்பரமோ தேரோ இழுக்கும்போது லைன் அணைத்ததை விழாக்குழு உறுதி செய்யாமல் பிள்ளைகளை வடம் பிடிக்க அனுப்பாதீர்கள். சீரியல் லைட் கட்டிய மூங்கில், இரும்புக்குழாய், ரேடியோ செட் வயர், ஜெனரேட்டர் எல்லாவற்றில் இருந்தும் விலகி நிற்கச் சொல்லுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சும் பிள்ளைகளிடம், விளக்கு அலங்காரம், கம்பம், கம்பி இருக்கும் பக்கம் பீய்ச்சக் கூடாது என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். பீய்ச்சும் தண்ணீர் வழியாகவும் கரண்ட் வரும்.

பத்தாம் படி: பிள்ளை சொன்னால் நீங்கள் போன் போடுங்கள்

கண்ணைப் பழக்கிய பிள்ளை இனி வந்து சொல்லத் தொடங்கும்: “அப்பா, போஸ்ட்டுல பெட்டி திறந்திருக்கு.” அப்போது “சரி சரி, போய்ப் படி” என்றால் இதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் போச்சு. அதன் கண் முன்னாலேயே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். 1912-ம் இருக்கிறது. தெருப்பெயர், பக்கத்துக் கடையோ கோயிலோ ஒரு அடையாளம், உங்கள் மின் இணைப்பு எண் எல்லாம் கேட்பார்கள். கம்பி அறுந்து கிடந்தால் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சரி செய்துவிட்டார்களா என்று மறுநாள் பிள்ளையையே தூர நின்று பார்த்து வரச் சொல்லுங்கள். ஆகவில்லை என்றால் திரும்பவும் கூப்பிடுங்கள். இந்த எண்களையும் 108, 112-ஐயும் இணைப்பு எண்ணோடு சேர்த்து, பிள்ளையின் கையெழுத்திலேயே பெரிதாக எழுதி வாசல்கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அம்மாச்சி வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள்.